திலோஸ் தீவுக்கு முதல்முறை செல்பவருக்கு: முன்னேற்பாடுகளும் ஐந்து நாள் திட்டமும்

கிரேக்க நாட்டின் தென்கிழக்கு மூலையில், துருக்கியின் கரைக்கு எதிரே, டொடெக்கனீஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் இரு பெருந்தீவுகளான ரோட்ஸுக்கும் கோஸுக்கும் நடுவே, விமான நிலையம் இல்லாமல், ஓசையும் இல்லாமல் கிடப்பது திலோஸ். பரப்பளவு சுமார் 60 சதுர கிலோமீட்டர். நிலையாக வாழ்வோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. ஆளிருக்கும் பெரிய ஊர்கள் இரண்டே. துறைமுகமான லிவாடியா ஒன்று, மலைச்சரிவில் அமைந்த தலைநகரான மெகாலோ ஹோரியோ மற்றொன்று. சாந்தோரினியின் வெள்ளை மாடங்களையும் மிக்கோனோஸின் இரவு விடுதிகளையும் எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாந்துபோவார். இடங்களைப் பட்டியல் போட்டுப் பார்க்க நினைப்பவருக்கு ஒன்றரை நாளில் தீவு முடிந்துவிடும்; கப்பல் நேரத்தையும் வெயிலையும் காற்றையும் அறிந்து நாளை வகுத்துக்கொள்பவருக்கோ ஐந்து நாளும் நிறைவாகக் கழியும். அப்படி வகுத்துக்கொள்வது எப்படி என்பதையே இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

எப்போது செல்வது

முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரையிலும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலும் உள்ள காலமே புதியவருக்கு உகந்தது என்பேன். வசந்தத்தில் மலைச்சரிவுகள் பச்சையாக இருக்கும், காட்டு ஆர்க்கிட் மலர்களும் காட்டுப் புதினா வகைகளும் பூத்திருக்கும். ஆனால் கடல் நீர் குளிர்ச்சியாக இருப்பதால், வெந்நீர்க் குளியலுக்குப் பழகியவர் மே மாதத்தில் முழங்காலளவு நீரிலேயே நின்றுவிடக்கூடும். செப்டம்பரில் மலை காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும், கடலோ கோடையின் வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கும். நடப்பதற்காகச் செல்பவர் மே மாதத்தையும், நீந்துவதற்காகச் செல்பவர் செப்டம்பரையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து மெல்டெமி என்னும் பருவக்காற்று ஏஜியன் கடலெங்கும் வீசும். வெயிலின் கடுமையை அது தணிக்கும் என்பது உண்மை; அதே காற்று கப்பல்களைத் துறைமுகத்திலேயே கட்டிவைத்துவிடும் என்பதும் உண்மை. அறைகளும் அப்போதுதான் நிரம்பும். ஜூலை 25 முதல் 27 வரை நடைபெறும் பான்டெலேமோன் புனிதரின் திருவிழாவைக் காண வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் இக்காலத்தை ஏற்கலாம். அதற்குப் பல மாதங்கள் முன்பே அறை பதிவு செய்திருக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான உணவகங்களும் விடுதிகளும் மூடியிருக்கும் என்பதால் அக்காலம் முதல்முறை செல்பவருக்குப் பொருந்தாது.

விசாவும் காப்பீடும்

கிரேக்கம் ஷெங்கன் நாடு; அதாவது, ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் ஷெங்கன் விசா பெற்றே செல்ல வேண்டும். ஏற்கெனவே பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடொன்றின் வதிவிட அனுமதி உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கோடை நெருங்கும்போது நேர்காணல் தேதி கிடைப்பதே கடினமாகிவிடுவதால், இரண்டு மூன்று மாத இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில், ஒரு தீவிலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள மற்றொரு தீவுக்கு நோயாளியை மாற்றும் செலவும் அடங்குகிறதா என்பதைக் கேட்டுப் பாருங்கள். திலோஸில் முதலுதவிக்கும் சாதாரண நோய்களுக்கும் சிறு மருத்துவ நிலையம் உண்டு. அதற்கு மேற்பட்ட எதற்கும் ரோட்ஸுக்கோ கோஸுக்கோதான் போக வேண்டும். தினமும் உட்கொள்ளும் மருந்துகளை, திட்டமிட்ட நாட்களைவிடச் சில நாட்கள் கூடுதலாகவே எடுத்துச் செல்ல வேண்டும்.

கப்பல்: பயணத்தின் முதுகெலும்பு

ஏதென்ஸ் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ரோட்ஸுக்கு வருவதே எளிய வழி. அந்தப் பயணம் ஒரு மணி நேரம்தான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து நேரடியாகத் திலோஸ் வரும் பெருங்கப்பல்களும் உள்ளன. அவற்றில் ஓர் இரவு முழுவதையும் கழிக்க வேண்டியிருக்கும். கடற்பயணத்தை விரும்புகிறவர் ஒரு கேபின் எடுத்துக்கொண்டு வரலாம், மற்றவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கப்பல் அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். திலோஸுக்கு எல்லா நாளும் எல்லாத் திசையிலிருந்தும் கப்பல் கிடையாது. வாரத்தில் எந்தெந்த நாட்கள் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் வெகுவாகக் குறையும். பலர் விமானச்சீட்டை மலிவாக வாங்கிவிட்டு, அந்நாளில் கப்பல் இல்லை என்பதைப் பிறகு கண்டறிந்து ரோட்ஸில் இரண்டு இரவு காத்திருக்கிறார்கள். ஆகவே வரிசை இதுதான்: முதலில் கப்பல் நாள், அடுத்து அதற்கேற்ற விமானம், அதன்பின் அறை.

ரோட்ஸிலிருந்து இரண்டு வகைக் கலங்கள் கிளம்புகின்றன. டொடெக்கனிசோஸ் சீவேஸ் நிறுவனத்தின் கேட்டமரான்கள் என்னும் இரட்டை உடல் கொண்ட அதிவேகக் கலங்கள் பழைய நகரத்தின் மதிலோரம் உள்ள கோலோனா துறையிலிருந்து புறப்படும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் திலோஸை அடையலாம். புளூ ஸ்டார் போன்ற நிறுவனங்களின் பெருங்கப்பல்கள் சற்றுத் தள்ளியுள்ள அகாண்டியா துறையிலிருந்து கிளம்பும். இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்பதைச் சீட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு தவறான துறையில் நிற்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்க முடியும். கேட்டமரான் வேகமானது, ஆனால் கடல் கொந்தளித்தால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். அதில் குலுக்கலும் அதிகம். குமட்டல் வருகிறவர்கள் நேரம் கூடினாலும் பெருங்கப்பலையே தேர்ந்தெடுப்பது நல்லது.

சிறிய தீவுகளில் இறங்கும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெருங்கப்பல் லிவாடியாவின் துறையில் சில நிமிடங்களே நிற்கும். அது கரையைத் தொட்டபின் மேல்தளத்திலிருந்து எழுந்து வரலாம் என்று இருந்தால் கப்பல் உங்களோடு அடுத்த தீவுக்குப் போய்விடும். அறிவிப்பு கேட்டவுடன், பெட்டியுடன் கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு இறங்கி, பின்கதவு திறக்கும் இடத்தில் காத்திருங்கள். கப்பல் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வருவதும் உண்டு. வரும் நேரத்தை விடுதி உரிமையாளருக்கு முன்பே தெரிவித்துவிட்டால், பெரும்பாலும் அவரே துறைக்கு வந்து அழைத்துச் செல்வார்.

திரும்பும்போது, வெளிநாட்டு விமானம் ஏறும் நாளன்று காலையில் திலோஸிலிருந்து கிளம்பும் திட்டத்தை ஒருபோதும் போடாதீர்கள். காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படத் தடை விதித்துவிடுவார்கள். அதற்கு யாரிடமும் முறையிட இயலாது. கடைசி இரவை, முடிந்தால் கடைசி இரண்டு இரவுகளை, ரோட்ஸிலோ கோஸிலோ கழிக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தங்குவது, எதை எடுத்துச் செல்வது

முதல்முறை வருபவர் லிவாடியாவிலேயே தங்கலாம். துறை, கடைகள், உணவகங்கள், கப்பல் சீட்டு அலுவலகம், பணம் எடுக்கும் ஏடிஎம் எல்லாம் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. வண்டி இல்லாமலே பெரும்பாலான நாட்களைக் கழிக்கலாம். தனிமையை மட்டுமே நாடுகிறவர் எரிஸ்டோஸ் கடற்கரையை ஒட்டிய சிறு விடுதிகளைப் பார்க்கலாம். அங்கே மாலைக்குப் பின் செய்வதற்கு எதுவும் இல்லை என்பதை அறிந்தே போக வேண்டும். பதிவு செய்த வாடகைக்கு மேல், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசு விதிக்கும் வரியை விடுதியில் தனியாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: கணுக்காலைத் தாங்கும் நடைக்காலணி, கூழாங்கல் கரையில் இறங்குவதற்கான ரப்பர் காலணி, அகன்ற தொப்பி, ஒன்றரை லிட்டராவது கொள்ளும் தண்ணீர்க் குடுவை, கைமின்விளக்கு, மடாலயத்தில் தோளையும் முழங்காலையும் மறைப்பதற்கான உடை. கடன் அட்டை பெரும்பாலான இடங்களில் செல்லும். ஆனாலும் இரண்டு மூன்று நாள் செலவுக்கான ரொக்கத்தை ரோட்ஸிலேயே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. கைப்பேசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: துருக்கியின் கரை அருகில் இருப்பதால், மலைமேல் நடக்கும்போது கைப்பேசி தானாகவே துருக்கி நிறுவனத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான திட்டத்தில் துருக்கி அடங்காது, கட்டணம் எகிறிவிடும். அமைப்புகளில் வலையமைப்பைத் தானியங்கித் தேர்விலிருந்து மாற்றி, கிரேக்க நிறுவனம் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் நாள்: லிவாடியா

வந்திறங்கிய நாளில் எங்கும் ஓட வேண்டாம். மூன்று சிறு வேலைகளை முடித்துக்கொண்டால் போதும். தீவின் பேருந்து லிவாடியாவிலிருந்து மெகாலோ ஹோரியோ, எரிஸ்டோஸ், அயியோஸ் அந்தோனியோஸ் ஆகிய இடங்களுக்குச் செல்கிறது. அதன் நேரங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் சீட்டு அலுவலகத்தில் திரும்பும் கப்பலின் நேரம் மாறவில்லை என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விடுதி உரிமையாளரிடம் குழாய்நீர் குடிக்கத்தக்கதா என்பதையும், குப்பையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

குப்பையைப் பற்றிய கேள்வி இங்கே உபசாரத்துக்கானதன்று. 2021 டிசம்பரில் பாலிகிரீன் என்ற நிறுவனமும் தீவின் நகராட்சியும் சேர்ந்து, குப்பைமேட்டுக்கு எதையும் அனுப்பாத திட்டமொன்றைத் தொடங்கின. தெருவோரக் குப்பைத்தொட்டிகளை அகற்றிவிட்டு, வீடுதோறும் வகை பிரித்த குப்பையைச் சேகரித்து, மக்குவதை உரமாக்குகிறார்கள். விருந்தினரும் அந்த ஒழுங்குக்குள் வந்துவிட வேண்டும். அதோடு, கிரேக்கத் தீவுகள் பலவற்றைப் போலவே இங்கும் கழிவுநீர்க் குழாய்கள் குறுகியவை என்பதால், கழிப்பறைத் தாளைக் கழிப்பறைக்குள் போட்டு நீர் விடக்கூடாது. பக்கத்தில் மூடியுள்ள சிறு கூடை இருக்கும், அதில்தான் இட வேண்டும்.

மாலையில் விரிகுடாவின் வளைவை ஒட்டிய கரைப்பாதையில், அயியோஸ் ஸ்டெஃபானோஸ் என்ற சிறு படகுத்துறை வரை நடந்து வாருங்கள். கரை முழுவதும் வெண்கூழாங்கல். நீர் அடிவரை தெளிந்திருக்கும். துறையருகில் வளைவுகளோடு நிற்கும் பழைய கட்டடம் இத்தாலியர் ஆட்சிக் காலத்தது. இத்தீவுக்கூட்டம் 1912 முதல் இரண்டாம் உலகப்போர் வரை இத்தாலியின் கையில் இருந்தது; 1947இல்தான் கிரேக்கத்துக்குக் கிடைத்தது.

இரண்டாம் நாள்: லெத்ரா வரை நடை

தீவின் இயல்பு புலப்படுவது நடையில்தான். முதல் நடைக்கு லெத்ரா கடற்கரையே பொருத்தமானது. லிவாடியாவின் வடபுறத்தில், துறைக்கு மேலே உள்ள வீடுகளைத் தாண்டித் தொடங்கும் ஒற்றையடிப் பாதை, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு குன்றின் இடுப்பில் செல்கிறது. ஏற்ற இறக்கம் குறைவு. நிதானமாக நடப்பவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாதை தவறாமலிருக்கப் பாறைகளில் வண்ணப்புள்ளி வைத்திருப்பார்கள், சில இடங்களில் கற்களைக் குவித்து அடையாளம் செய்திருப்பார்கள். வழியில் நிழல் இல்லை, லெத்ராவில் கடையும் இல்லை. எனவே காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். தண்ணீரும் ரொட்டியும் பழமும் கையில் இருக்க வேண்டும்.

மலையெங்கும் ஆடுகள் மேயும். அவற்றைத் தடுக்கக் கட்டிய கம்பிக் கதவுகள் பாதையின் குறுக்கே வந்தால், திறந்து சென்றபின் மறுபடி மூடிக் கட்டிவிட வேண்டும். கோடையில் தீ மூட்டுவதோ, புகைத்த துண்டை எறிவதோ பெருங்குற்றம். காலால் மிதிபடும் செடிகளிலிருந்து ஓரிகானோ, தைம், சேஜ் ஆகியவற்றின் மணம் எழும். சமையலறையில் புட்டியில் மட்டுமே அவற்றைப் பார்த்தவருக்கு இது ஒரு வியப்பாக இருக்கும். மேலே பார்க்கவும் மறக்காதீர்கள். 1993 முதல் இத்தீவில் வேட்டை தடைசெய்யப்பட்டிருப்பதால் பறவைகள் பெருகியிருக்கின்றன. போனெல்லி கழுகும், கோடையில் மடகாஸ்கரிலிருந்து வந்து கடற்பாறைகளில் முட்டையிடும் எலியனோரா வல்லூறும் பறவை ஆர்வலர்களை இங்கே இழுக்கின்றன. நல்ல இருவிழிக் கருவி இருந்தால் அதைச் சுமந்து வந்தது வீண்போகாது.

லெத்ராவில் நீந்தி இளைப்பாறியபின், வந்த வழியே திரும்பலாம். உடலில் தெம்பு மிச்சமிருந்தால், கரைக்குப் பின்னால் உள்ள பொட்டாமி என்ற பள்ளத்தாக்கு வழியாக ஏறிப் பிரதான சாலையை அடைந்து, அங்கிருந்து லிவாடியாவுக்கு இறங்கலாம். இந்த வழி கரடுமுரடானது, அழகும் இதிலேதான் கூடுதல். தனியாகச் செல்பவர் எந்த வழியில் போகிறார் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு ஐரோப்பா முழுவதற்குமான எண் 112. கிரேக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு 166.

பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை ஊர் உறங்கும் நேரம். கடைகள் மூடும், உரக்கப் பேசுவதும் பாட்டு வைப்பதும் அநாகரிகமாகக் கருதப்படும். நீங்களும் அந்த நேரத்தில் உறங்கிவிடுவதுதான் சரி, ஏனெனில் இரவு உணவு எட்டு மணிக்கு முன் சூடுபிடிப்பதில்லை.

மூன்றாம் நாள்: மெகாலோ ஹோரியோவும் எரிஸ்டோஸும்

காலை முதல் பேருந்தில் மெகாலோ ஹோரியோவுக்குச் செல்லுங்கள். ஊருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் குன்றின் உச்சியில் ஒரு கோட்டை இருக்கிறது. பழங்காலக் குன்றரணான அக்ரோபோலிஸ் இருந்த இடத்தில், அதன் கற்களையே எடுத்து, 14ஆம் நூற்றாண்டு முதல் இத்தீவுகளை ஆண்ட புனித யோவான் வீரர்கள் என்னும் கிறிஸ்தவப் படைத்துறவியர் எழுப்பியது அது. காபியைப் பிறகு வைத்துக்கொண்டு, இறங்கியவுடனே ஏறத் தொடங்குங்கள். வெயில் சரிவைப் பிடித்துவிட்டால் அரைமணி, முக்கால் மணி நேர ஏற்றம் இருமடங்காகத் தோன்றும். உச்சியில் பாழடைந்த தேவாலயமும் சிதைந்த சுவரோவியங்களும் உள்ளன. அங்கிருந்து எரிஸ்டோஸ் சமவெளி முழுதும் கீழே விரியும். சுவர்களின் மேல் ஏறாதீர்கள். கற்கள் உறுதியாக இல்லை.

இறங்கி வந்ததும், ஊர்நடுவே உள்ள தலைமை வானதூதர் மிக்கேல் தேவாலய முற்றத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்துக் கோலம்போல் இழைத்த தரை அது. டொடெக்கனீஸ் தீவுகளுக்கே உரிய கைவேலை. இதே ஊர்க்காரியாகக் கருதப்படும் எரின்னா என்ற கவிஞர், கி.மு. நான்காம் நூற்றாண்டில், இளவயதில் இறந்த தன் தோழி பாக்கிஸுக்காகப் பாடிய இரங்கற்பாவின் சில பகுதிகள் எகிப்தியப் பாப்பிரஸ் சுருளில் கிடைத்திருக்கின்றன. தீவில் அவருக்குப் பெரிய நினைவுச்சின்னங்கள் எதையும் தேடாதீர்கள்.

பகலில் எரிஸ்டோஸுக்கு இறங்குங்கள். பழத்தோட்டங்களின் நடுவே சாலை சரிவாகச் செல்வதால் நடந்தே போகலாம். தீவின் மிக நீளமான கரை இதுதான். மணலும் கூழாங்கல்லும் கலந்தது, பின்னால் தாமரிஸ்க் மரங்களின் நிழல் உண்டு. கரையின் தொலைமுனையில் ஆடையின்றி வெயில்காய்பவர்கள் இருப்பார்கள் என்பதைக் குடும்பத்தோடு செல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. கேமராவை மட்டும் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். கடைசிப் பேருந்து எப்போது என்பதை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: வண்டியோடு ஒரு நாள்

ஐந்து நாளும் கார் வைத்திருப்பது பணவிரயம். ஒரு நாள் போதும். இந்திய, இலங்கை உரிமம் உள்ளவர்கள் சொந்த நாட்டிலேயே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றுக்கொண்டு வர வேண்டும், இல்லையேல் விபத்து நேர்ந்தால் காப்பீடு செல்லாமல் போகலாம். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நம் பழக்கத்துக்கு இது நேர்மாறு என்பதால், முதல் அரைமணி நேரத்தை லிவாடியாவின் ஆளில்லாத சாலைகளில் பழகிக்கொள்வதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் பிரதான சாலையோரம் உள்ள ஹர்காடியோ குகை. 1971இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலாஸ் சிமியோனிடிஸ் இக்குகையில் யானை எலும்புகளைக் கண்டெடுத்தார். ஆள் உயரத்தை ஒட்டியே நின்றுவிட்ட குள்ள யானைகள் அவை. 2007இல் இவற்றுக்குத் திலோஸின் பெயரையே இட்டுத் தனி இனமாக அறிவித்தார்கள். பெருநிலத்திலிருந்து நீந்திவந்த யானைகள், உணவு குறைவாகவும் வேட்டை விலங்குகள் இல்லாமலும் இருந்த தீவில், தலைமுறை தலைமுறையாக உடல் சிறுத்துப் போயின என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவையே எனக் கருதப்படுகிறது. யானையைத் தெருவிலும் கோயிலிலும் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தச் சிறு எலும்புகளின் முன் நிற்கும்போது நேரம் போவதே தெரியாது. அகழாய்வு நடந்த இடம் என்பதால் குகைக்குள் இறங்க முடியாது, எலும்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்கேற்ப மாறுவதால், முதல்நாளே விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

அங்கிருந்து வடமேற்குக் கரையின் மீனவத்துறையான அயியோஸ் அந்தோனியோஸுக்குச் சென்று மதிய உணவை முடிக்கலாம். எதிரே கடலில் எரிமலைத் தீவான நிசிரோஸ் தெரியும். சற்று அப்பால் உள்ள பிளாக்கா கடற்கரையில் மரத்தோப்பும், அதில் உலவும் மயில்களும் உண்டு. முருகனின் வாகனம் ஏஜியன் கடலோரம் அகவுவதைக் கேட்பது விநோதமான அனுபவம்தான். அவற்றுக்குத் தீனி போட்டுப் பழக்க வேண்டாம்.

பிளாக்காவுக்கு அப்பால், கடலைப் பார்த்த செங்குத்துச் சரிவில் வெட்டிய குறுகிய சாலையின் முடிவில் அயியோஸ் பான்டெலேமோன் மடாலயம் இருக்கிறது. மரபுப்படி 15ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. வற்றாத ஊற்றும் பெருமரங்களின் நிழலும் இருப்பதால், காய்ந்த மலையில் இது மட்டும் பசுமையாகத் தெரியும். எதிரே வண்டி வந்தால் பின்வாங்க வேண்டியிருக்கும் என்பதால், வளைவுகளில் ஒலியெழுப்பி மெதுவாகச் செல்லுங்கள். உயரம் பார்த்தால் தலைசுற்றுபவர் ஓட்டக்கூடாது. உள்ளே 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும் செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்திரையும் உள்ளன. மெழுகுத்திரி ஏற்றிக் காணிக்கை இடுவது வழக்கம். படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். பிற்பகலில் கதவு மூடியிருப்பதும் உண்டு.

திரும்பும் வழியில், பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, லிவாடியாவுக்கு மேலே உள்ள மிக்ரோ ஹோரியோவில் இறங்குங்கள். கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கடலிலிருந்து மறைவாகக் கட்டிய ஊர் இது. அச்சம் நீங்கியபின் மக்கள் ஒவ்வொருவராக லிவாடியாவுக்கு இறங்கிவர, 1960களில் ஊர் முற்றிலும் காலியானது. போகும்போது கூரை உத்தரங்களையும் எடுத்துச் சென்றதால், இன்று கூரையற்ற கல்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அடுப்பு இருந்த மூலை, பண்டம் வைத்த மாடம், படுக்கை மேடை எல்லாவற்றையும் இனங்காணலாம். நடுக்கோடையில் இங்கே இரவுநேர மதுக்கூடம் ஒன்று நடப்பதும் உண்டு. எனக்கு அது ஒவ்வாதது, ஆயினும் இளைஞர்கள் அதற்காகவே வருகிறார்கள்.

ஒரு வார்த்தை மின்சாரத்தைப் பற்றி. சாலையிலிருந்து காற்றாலை தெரியும். கோஸின் டீசல் மின்நிலையத்திலிருந்து கடலடிக் கம்பி வழியே வந்த மின்சாரத்தை நம்பிக் கோடைதோறும் இருட்டில் தவித்த தீவு இது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 800 கிலோவாட் காற்றாலை, 160 கிலோவாட் சூரியத்தகடுகள், பெரிய மின்கலத் தொகுதி ஆகியவற்றை நிறுவி, தன் தேவையின் பெரும்பகுதியைத் தானே ஈட்டத் தொடங்கியது. அந்தத் திட்டம் 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்த ஆற்றல் விருதைப் பெற்றது.

சைவ உணவுக்காரருக்கு

திருவிழாச் சிறப்புணவு ஆட்டிறைச்சி, துறைமுகச் சிறப்புணவு மீன். ஆனால் நம் ஊர்ச் சைவர் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிரேக்கத் திருச்சபை ஆண்டில் பல வாரங்கள் இறைச்சியும் பாலும் தவிர்த்த நோன்பை விதிப்பதால், அதற்கான உணவுகள் எல்லா வீட்டிலும் தெரிந்தவை. பெரிய வெள்ளைமொச்சையைத் தக்காளியில் வேகவைத்த யிகாந்தெஸ், பருப்பைக் கடைந்து ஆலிவ் எண்ணெய் விட்ட ஃபாவா, கொண்டைக்கடலைச் சாறான ரெவிதியா, வேகவைத்த காட்டுக்கீரையான ஹோர்ட்டா, காய்கறிகளை அடுப்பில் வாட்டிய பிரியாம் ஆகியவற்றைத் தயங்காமல் கேட்கலாம். தக்காளிக்குள் சோறு அடைத்த கெமிஸ்டாவிலும் திராட்சை இலைச் சுருளான டோல்மாடெஸிலும் சில சமயம் கொத்துக்கறி சேர்த்திருப்பார்கள். "ஹோரிஸ் கிரேயஸ்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். மீனை இறைச்சியாகக் கருதாத பரிசாரகர்களும் இருப்பதால், மீனும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். பகல் உணவுக்கு வந்ததை இரவில் கேட்டால் தீர்ந்திருக்கும். மீனைத் தேடுபவர் விலை கிலோவுக்குச் சொல்லப்படுகிறது என்பதை அறிந்து, எடை போட்ட பிறகே சமைக்கச் சொல்ல வேண்டும். தேனும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தீவிலேயே கிடைப்பவை.

ஐந்தாம் நாளும் புறப்பாடும்

இந்த நாளுக்கு எதையும் திட்டமிடாமல் விடுங்கள். கப்பல் ஒரு நாள் பின்தங்கினாலும் முன்னே இழுக்கப்பட்டாலும் இதுவே இடைவெளியாகப் பயன்படும். எதுவும் மாறவில்லையென்றால், அயியோஸ் ஸ்டெஃபானோஸிலிருந்து தென்கிழக்கே, கைவிடப்பட்ட கெரா குடியிருப்பு வரை நடக்கலாம். லெத்ராவைவிட நீண்டது, ஆள் நடமாட்டமும் குறைவு. நிசிரோஸ் எரிமலையை ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் ஆசை பலருக்கு எழும். கப்பல் நேரங்கள் இரு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தினாலொழிய அதைக் கைவிட்டு, நிசிரோஸுக்குத் தனியாக இரண்டு இரவு ஒதுக்குவதே அறிவுடைமை.

புறப்படுவதற்கு முந்தைய மாலை, சீட்டு அலுவலகத்தில் நேரத்தை மீண்டும் ஒருமுறை கேளுங்கள். வண்டி எடுத்திருந்தால் எண்ணெய் நிரப்பித் திருப்பிக் கொடுங்கள், தீவில் எரிபொருள் நிலையம் மூடும் நேரத்தைப் பார்த்து. பிரித்த குப்பையை உரிய பைகளில் கட்டி வையுங்கள். அறைக் கட்டணத்தின் மிச்சத்தையும் வரியையும் முன்னிரவே செலுத்திவிட்டால், விடிகாலைக் கப்பலுக்காக உரிமையாளரை எழுப்ப வேண்டியிருக்காது. கப்பல் வரும் நேரத்துக்கு அரைமணி முன்பே துறையில் நின்று, இறங்குபவர்களும் வண்டிகளும் வெளியேறியவுடன் தாமதிக்காமல் ஏறுங்கள். பெட்டியை, சீட்டில் குறித்த ஊரின் பெயர் எழுதிய அடுக்கில் வைத்துவிட்டு மேலே செல்லலாம்.